யாரும் கை தூக்காத கோல்

ஆம்ப்ரோஸ் வெய்ன் சீனாவிலிருந்து திரும்பி வந்தது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஃபூச்சோ துறைமுகத்தில் அவருடைய தேயிலை வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள், அது உண்மை. இலங்கைத் தேயிலை சந்தைக்கு வந்து சீனத் தேயிலையின் கழுத்தில் காலை வைத்துவிட்டது. அந்த இலங்கைக் கொழுந்தைக் கிள்ளிய கைகள் யாருடையவை என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரல் கெட்டுப்போய் டாக்டர் ஊருக்கு அனுப்பிவிட்டார் என்றார்கள். அதுவும் பாதி உண்மை. ஆனால் லண்டனிலோ கடற்கரை ஊர்களிலோ எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்கக்கூடிய மனிதர், பென்ஃபோல்டு என்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்து, ஊர்ப் புல்வெளிக்குத் தெற்கே, கூரை ஒழுகுகிற ஒரு வீட்டைப் பிடித்தாரே, அதற்குக் காரணம் வேறு. அந்த வீடு கில்பர்ட் ப்ரூமின் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. நடுவில் புல்வெளி மட்டும்தான். கில்பர்ட்டிடம் போய், "அன்னிக்கு நீ ஏன் கை தூக்கலை?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கில்பர்ட்டுக்கும் இப்போது வயது நாற்பத்தைந்துக்கு மேல். ஊரில் மரியாதையான வக்கீல். ஆனால் வெய்னுக்கு அவன் எப்போதும் அவன்தான், ஆகவே நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் இருவரும் பென்ஃபோல்டு அணிக்கு ஆடினார்கள். காசுக்கு ஆடுகிறவர்கள் அல்ல. காசு வாங்கிக்கொண்டு பந்தை உதைப்பது கூலி வேலை என்று நினைத்த காலம், அப்படி நினைத்த வர்க்கம். அன்றைய ஆட்டமும் வேறு மாதிரி. பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுக்கிற பழக்கம் தெற்கே இன்னும் வரவில்லை. பந்து கிடைத்தவன் அதைக் காலோடு ஒட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களை ஏய்த்தபடி, தன்னந்தனியாக ஓடுவான். அவனுக்குப் பின்னாலேயே ஒருவன் ஓடி வருவான். முன்னால் போகிறவன் விழுந்தால், பின்னால் வருகிறவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முன்னால் ஓடுவதில் வெய்னை அடித்துக்கொள்ள அந்த மாகாணத்தில் ஆள் கிடையாது. பின்னால் ஓடியவன் எப்போதும் கில்பர்ட். பெண்கள் குடையை ஆட்டிக் கூவியது வெய்னுக்காக. சேறு முழுக்கப் பூசிக்கொண்டது கில்பர்ட். ஓடும்போது முதுகுக்குப் பின்னால் அவனுடைய பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "போடா வெய்ன், போ, நான் இருக்கேன்" என்று மூச்சுவாங்கச் சொல்லுவான். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வெய்னுக்கு வந்ததில்லை.

அந்த வருடம் கோப்பைப் போட்டியில் ஒரு வடக்கத்தி ஆலை ஊரின் அணி பென்ஃபோல்டுக்கு வந்தது. ஆட்டம் இதே புல்வெளியில்தான். கடைசிக் கால்மணியில் எதிரணி ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்போது வெய்ன் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்தார். ஒருவன், இரண்டாமவன், மூன்றாமவன் என்று தாண்டிக்கொண்டே போனார். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மேற்குக் கோலுக்குப் பக்கத்தில் ஒரு தடியன் பாய்ந்து வர, கில்பர்ட் குறுக்கே புகுந்து அவனை மறித்து, அவனோடு சேர்ந்து விழுந்தான். வெய்ன் அடித்தார். அந்தக் காலத்தில் கோலுக்கு மேலே கட்டை கிடையாது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு நாடாதான் கட்டியிருக்கும். பின்னால் வலையும் கிடையாது. பந்து நாடாவுக்குக் கீழே புகுந்து, வெளியே போய், வேடிக்கை பார்த்தவர்களின் கால்களுக்கு நடுவே விழுந்தது.

மேலேதான் போயிற்று என்றது எதிரணி. நடுவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது, அதுதான் அன்றைய சட்டம். யாராவது கையைத் தூக்கி முறையிட்டால்தான் அவர் தீர்ப்புச் சொல்லுவார். கேட்காதவனுக்கு எதுவும் கிடையாது. அடித்தவனே கை தூக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. ஆனால் பென்ஃபோல்டு அணியில் அதைக் கேவலமாக நினைத்தார்கள். தன் சரக்கைத் தானே கூவி விற்கிறவன் செய்கிற காரியம் அது என்று கேப்டன் சொல்லுவார். பக்கத்தில் இருந்தவன் தூக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது கில்பர்ட் ஒருவன்தான். வெய்ன் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகுக்குப் பின்னால் பார்த்தார். கில்பர்ட் சேற்றிலிருந்து எழுந்து நின்று, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின.

எதிரணிக்காரன் பந்தை எடுத்து வைத்து உதைத்தான். ஆட்டம் தொடர்ந்தது. உதைத்த பிறகு முறையீடும் செல்லாது. பென்ஃபோல்டு தோற்றது.

சத்திரத்தின் பின்னறையில் உடை மாற்றும்போது வெய்ன் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பல் குச்சி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை நாள் சேற்றில் உருண்டவனுக்கு ஒரு நாள் வயிறு எரிந்துவிட்டது, நான் தோற்பதைப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் மாமாவின் கம்பெனிக்காக ஃபூச்சோவுக்குக் கப்பல் ஏறினார். வழியனுப்ப வந்த கில்பர்ட்டிடம் வானிலை பற்றிப் பேசினார்.

அங்கே பெரிய வியாபாரியானார். வடக்கு வெளிச்சம் விழுகிற அறையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, காலடியில் இருக்கும் படிக்கத்தில் துப்புவார். எந்த மலை, எந்தப் பறிப்பு, மழைக்கு முன்னாலா பின்னாலா எல்லாம் சொல்லிவிடுவார். அவர் தலையை ஆட்டினால் ஒரு கப்பல் சரக்கு கைமாறும். ஆனால் கூட்டாளி என்று ஒருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் திரும்பிச் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண் இருந்தாள், கேட்டால் சம்மதித்திருப்பாள் என்று துறைமுகமே பேசியது. இவர் கேட்டால்தானே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருடாவருடம் கில்பர்ட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி நல்ல தேயிலை அனுப்புவார். நன்றி சொல்லி நாலு வரி வரும். இவரும் நாலு வரி எழுதுவார். ஒரு தடவை வேடிக்கையாக எழுதினார்: இங்கே எல்லாம் தலைகீழ், புதிதாக வந்தவன்தான் பழையவர்கள் வீட்டுக்கெல்லாம் முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும், பழையவன் முந்திக்கொண்டு போனால் புதியவனுக்கு அவமானமாகிவிடுமாம். அவர் எழுதியதிலேயே சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது அந்த ஒரு வரிதான். எழுதியதோடு அதை மறந்தும் போனார்.

இங்கிலாந்தில் வழக்கம் நேர்மாறு. புதிதாகக் குடிவந்தவர் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள்தான் முதலில் வந்து தங்கள் பெயர் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு பதிலுக்கு இவர் போகலாம். யாரும் வராத வீட்டுக்கு இவராகப் போனால் பிச்சைக்காரன் மாதிரி.

ஆகவே வெய்ன் செப்டம்பரில் வந்து உட்கார்ந்து காத்திருந்தார். வாரம் ஒரு நாள், புதன்கிழமை பிற்பகல், வருகிறவர்களுக்காக வீடு திறந்திருக்கும். வீட்டு வேலைக்கு வைத்திருந்த விதவை மிஸஸ் பாஸ்க் ஒவ்வொரு புதனும் கேக் சுட்டாள். பாதிரியார் வந்தார். டாக்டர் வந்தார். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் மனைவியோடு வந்து, சீனர்கள் நாயைச் சாப்பிடுவார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். வரவேற்பறைத் தட்டில் அட்டைகள் சேர்ந்தன. கில்பர்ட் ப்ரூமின் அட்டை மட்டும் இல்லை.

பாதிரியார் சொன்னார், கில்பர்ட்டுக்கு இதயம் சரியில்லை, படியிறங்குவதே அபூர்வம் என்று. இருக்கட்டுமே. முடியாதவர்கள் வேலைக்காரியிடம் அட்டையைக் கொடுத்தனுப்புவது ஊர் வழக்கம்தான். புல்வெளியைத் தாண்ட வேலைக்காரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கில்பர்ட்டின் தங்கை லவினியா கல்யாணமாகாதவள், அண்ணனுக்கு வீடு பார்த்துக்கொள்கிறவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவள் தலையை லேசாகச் சாய்ப்பாள். இவர் தொப்பியைத் தூக்குவார். தனியாக இருக்கும் ஆண்பிள்ளை வீட்டுக்கு அவள் வர முடியாது. தெருவில் நிறுத்திப் பேச இவரால் முடியாது. இரண்டு பேரும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி நின்று, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிரிவார்கள்.

மிஸஸ் பாஸ்க்குக்குப் பொறுக்கவில்லை. மிஞ்சின கேக்கைப் பறவைகளுக்கு உதிர்த்துப் போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"ஏன்யா, எதுத்த வீட்டு ஐயா உங்க பழைய சிநேகிதர்னு ஊரே சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் உக்காந்து என்னத்தப் பாக்குறீங்க? புல்லு வளர்றதையா?"

"அவர்தான் முதல்ல வரணும், மிஸஸ் பாஸ்க்."

"வராட்டி?"

"வராட்டி வரலை."

"நல்லாருக்கு நியாயம். எங்க சந்துலயெல்லாம் கதவத் தட்டுறதுக்கு ஒரே காரணந்தான் வேணும், உள்ள ஆள் இருக்கணும். கனவான்களுக்குத்தான் எத்தனை கஷ்டம்," என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், வழக்கம் ஒரு சாக்காகவும் இருந்தது. இருபது வருடம் சுமந்த கேள்வியை வெளியே எடுக்க அவருக்குப் பயம். "ஆமாம், வேணும்னுதான் தூக்கலை" என்று கில்பர்ட் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அவனே வரட்டும், வந்து நாற்காலியில் உட்காரட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். மாலையில் எதிர் வீட்டு மாடி ஜன்னலில் விளக்கு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். மேஜையில் ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு முள். பேசுவதற்கு ஆளில்லாமல் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சில நாட்களில் காலையில் மிஸஸ் பாஸ்க்கிடம் பேசுகிற முதல் வார்த்தையே கரகரவென்று வரும்.

அக்டோபரில் வெயிலான ஒரு நாள். லவினியா சக்கர நாற்காலியில் கில்பர்ட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு புல்வெளிக்குள் வந்தாள். வெய்ன் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றார். அவன் பெருத்துப்போயிருந்தான். கம்பளியால் காலைப் போர்த்தியிருந்தது. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிற விதம் அதேதான். நாற்காலி வழக்கமான பாதையில் போகாமல், மேற்கே, பழைய கோல் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. கில்பர்ட் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி எதையோ தங்கையிடம் காட்டினான். பிறகு இந்த வீட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெய்ன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கே திரும்பி வந்தார். ஒரு கையை நுழைத்தார். அவன் வந்தது என் வீட்டுக்கு அல்லவே, புல்வெளிக்குத்தானே, நான் ஓடிப்போய் நின்றால் இத்தனை வாரம் காத்திருந்ததற்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது. கோட்டைக் கழற்றினார். மறுபடியும் போட்டார். கதவைத் திறந்து வெளியே வந்தபோது நாற்காலி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடவில்லை.

அதன் பிறகு மழையும் பனியும் வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் வந்தது. இத்தனை வருடமும் தேயிலை அனுப்பியவர் இந்த வருடம் எதிர் வீட்டில் இருந்துகொண்டு எப்படி அனுப்புவது என்று தெரியாமல் அனுப்பாமலே விட்டார். யோசித்துப் பாருங்கள், ஒன்பதாயிரம் மைல் தள்ளி இருந்தபோது போன பெட்டி, ஒரு புல்வெளியைத் தாண்டிப் போகவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை எழுந்து பார்த்தபோது எதிர் வீட்டில் எல்லா ஜன்னல்களிலும் திரை இறங்கியிருந்தது. மாடியில், கீழே, சமையலறையில் எல்லாவற்றிலும். அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். பால்காரியிடம் விசாரித்துவிட்டு வந்த மிஸஸ் பாஸ்க் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம் என்றாள். அவளுக்கும் வழக்கமான வாய் வரவில்லை. வெய்ன் தலையை ஆட்டினார். டீயைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. ஆறிப்போகும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் போகவும் முடியாது. சாவு வீட்டுக்கு அழைப்பில்லாமல் அந்நியர் போவதில்லை. ஒரு தடவைகூட வீட்டுப் படி மிதிக்காதவர் அந்நியர்தான். அழைக்கப்பட்டவர்களுக்கு இறுதிச் சடங்கு நடத்துகிற கடைக்காரர் கறுப்புக் கையுறையும், தொப்பியில் கட்டுகிற கறுப்புத் துணியும் கொண்டுவந்து கொடுப்பார். வெய்ன் அன்று முழுதும் ஜன்னலிலேயே இருந்தார். கையுறைக்காரர் பாதிரியார் வீட்டுக்குப் போனார். டாக்டர் வீட்டுக்குப் போனார். கர்னல் வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிட மாட்டார்கள், ஏன் கூப்பிட வேண்டும் என்று இவர் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது.

"உங்களுக்குத்தான் மொதல்ல கொடுக்கச் சொன்னாங்க, ஐயா. தெரு சுத்தி வந்ததுல கடைசியாயிருச்சு, மன்னிக்கணும்," என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊர்வலத்துல உங்க எடம் சவப்பெட்டிக்கு நேர் பின்னாடி. செத்தவரே சொல்லி வெச்சதாம். லெஸ்டர்லேருந்து ஒரு பங்காளி வந்திருக்காரு, அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனா லவினியா அம்மா ஒரே பிடியா நின்னுட்டாங்க" என்றார்.

பெட்டிக்கு நேர் பின்னால் வருவது ரத்த உறவு. வெய்னுக்கு ஒன்றும் புரியவில்லை. கையுறையைப் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

தேவாலயம் புல்வெளியின் தென்மேற்கு மூலையில். வண்டி வைக்காமல், ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, பனி உருகிச் சேறாகிக் கிடந்த புல்வெளிக்கு நடுவாகவே நடந்தார்கள். அதுவும் அவன் சொல்லி வைத்ததுதான். பெண்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் வெய்ன், அவருக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பங்காளி. தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவருக்கு மேற்குக் கோல் இருந்த இடத்தில் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வெய்ன் யோசிக்கவே இல்லை. இரண்டு எட்டில் பாய்ந்து தோளைக் கொடுத்து அதைத் தாங்கினார். முழங்கால் வரை சேறு தெறித்தது. பெட்டி நிமிர்ந்தது. இவர் மறுபடியும் பின்னால் வந்தார். சேற்றில் தன் பூட்ஸ் சத்தம் தனக்கே கேட்டது. இத்தனை காலமும் அந்தச் சத்தத்தை முதுகால் மட்டுமே கேட்டிருந்தார். போடா, நான் இருக்கேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. ஊர் பார்க்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய வியாபாரி அழுதார்.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து, ஷெர்ரி குடித்து, கேக்கைத் தின்று, மறைந்தவரின் நேர்மையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பங்காளி ரயிலுக்குப் போனார். வெய்னும் எழுந்தார். லவினியா அவரைப் பார்த்து, மாடிக்கு வாங்க என்றாள்.

கில்பர்ட்டின் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அவள் திரையை மேலே சுருட்டி அவரை அதில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்து நிமிர்ந்தவருக்கு நேர் எதிரே தன்னுடைய ஜன்னல் தெரிந்தது. தன் நாற்காலி தெரிந்தது. திரை தெரிந்தது. மெல்லிசான திரை. உள்ளே மிஸஸ் பாஸ்க் விளக்கேற்றிக்கொண்டிருந்தது பளிச்சென்று தெரிந்தது. அக்டோபரில் அதன் பின்னால் ஒளிந்து நின்றவர் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மிஸ் ப்ரூம், ஒண்ணு கேக்கணும்," என்றார். குரல் கரகரத்தது. "அன்னிக்கு அவன் ஏன் கை தூக்கலை?"

லவினியா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்த ஒன்று.

"அப்பாடா. கேட்டுட்டீங்க. ஒரு வாரம் முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா? அண்ணன் பார்க்கலை, மிஸ்டர் வெய்ன். அந்தத் தடியன் மேல விழுந்து முகம் சேத்துக்குள்ள கெடந்துச்சு. பந்து மேல போச்சா கீழ போச்சா தெரியாது. பார்க்காததைப் பார்த்தேன்னு கை தூக்க அவரால முடியாது, அவர் சுபாவம் உங்களுக்கே தெரியும். எழுந்து உங்க முகத்தைத்தான் பார்த்தாராம். முகத்துலயே தெரிஞ்சுதாம், கோல்தான்னு. அதை நம்பித் தூக்கியிருக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கேக்காம சொன்னா சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும்னார். நீங்க கேப்பீங்கன்னு காத்திருந்தார். நீங்க வந்தப்புறம் தினமும் மூணு மணிக்குக் கோட்டு மாட்டிவிடச் சொல்லி இங்க உக்காருவார். நான் கார்டு கொடுத்தனுப்பட்டுமான்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். வேண்டாம்மா, அவன் சீனாக்காரன், அங்க புதுசா வந்தவன்தான் முதல்ல வருவான், நாம முந்திக்கிட்டா அவனுக்கு அவமானம்னு அவனே எழுதியிருக்கான்னார்."

அந்த வரியை எழுதியபோது இருந்த சிரிப்பு வெய்னுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"அக்டோபர்ல ஒரு நாள் வெளிய வந்தோமே, அதுவும் உங்களுக்காகத்தான். விழுந்த இடத்துல நாற்காலியை நிறுத்தச் சொன்னார். அவன் வந்தா காட்டுறேன், இங்கேர்ந்து பார்த்தா ஒரு மண்ணும் தெரியாதுன்னு அவனே பார்த்துக்கட்டும்னார். நீங்க திரைக்குப் பின்னாடி நிக்கறது தெரிஞ்சுது. கோட்டு போடறான் பாரு, போடறான் பாருன்னு சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம் உங்களைக் காணோம்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் சொன்னார், என் பெட்டிக்குப் பின்னாடி வெய்ன்தான் வரணும், எத்தனை வருஷம் நான் அவன் பின்னாடி ஓடினேன், ஒரு நாள் அவன் என் பின்னாடி ஓடட்டும்னு. நான் இங்கேர்ந்து பார்த்தேன். ஓடினீங்க."

அவள் எழுந்து போய்க் கையில் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். ஈயம் வைத்து மூடியிருந்த டப்பா, மேலே அவர் கம்பெனியின் முத்திரை. அவர் அனுப்பிய முதல் வருடத்துத் தேயிலை. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்களாம். இதை மட்டும் வெய்ன் வந்தால்தான் பிரிப்பது என்று கில்பர்ட் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டானாம். லவினியா கத்தியால் மூடியைக் கிளப்பி, கையளவு எடுத்துப் போட்டு, வென்னீர் ஊற்றினாள்.

வெய்ன் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது. தூசி. மரம். துரு. இருபது வருடம் மூடிக் கிடந்த அலமாரியின் வாடை. எல்லாவற்றுக்கும் அடியில், எங்கேயோ, மழை பிந்திய ஒரு வருடத்தின் முதல் பறிப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. ஃபூச்சோவில் இப்படி ஒரு கிண்ணத்தை யாராவது அவர் முன்னால் வைத்திருந்தால் ஆளை வெளியே தள்ளியிருப்பார். வாயில் இருந்ததைத் துப்பத் தோன்றியது. காலடியில் படிக்கம் இல்லை. விழுங்கினார்.

"எப்படி இருக்கு? எனக்கு டீயைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றாள் லவினியா.

"நல்லா இருக்கு," என்றார். டீ விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

மீதியையும் குடித்து முடித்தார். எதிரே அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அவர் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து அவள் பக்கமாக நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார்.